அரைச் சுற்று

நிற்கும்போது சாது.
நான்காம் கியரில் பிளஃப் குன்று ஏறுகையில்
டர்போ காற்றை அமுக்கத் தொடங்கும் நொடியில்தான்
பிடரியில் யாரோ தட்டினாற்போல் ஒரு வெட்டு.
உடனே இன்னொன்று.
"பெட்ரோல் சரியில்லை, வேறொன்றுமில்லை"
என்றிருந்தான் கோரில் இதை விற்ற மர்டோ.
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை,
தன் நாயைப் பார்த்தான்.

சிப்பிக் கொட்டகையில் இரண்டு சீசன்
ஓடு பிளந்து சேர்த்த காசு.
வெள்ளிநிறச் சுபாரு, எனக்கு முன் நான்கு பேர்.
நால்வரும் ஆளுக்கொன்று மாற்றியிருக்கிறார்கள்,
ஒருவரும் எதையும் எழுதி வைக்கவில்லை.

சனிக்கிழமை ஃபெலெட்டி வந்தான்,
இறைச்சி ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து, தூங்காமல்.
ஒரு கையில் ஸ்கேனர், மறு கையில் பொரித்த மீன் பொட்டலம்.
திரை சொன்னது: மூன்றாம் சிலிண்டர்.
"எதுவென்று சொல்லும். ஏனென்று சொல்லாது."

முதலில் காயில்.
மூன்றில் இருந்ததை ஒன்றுக்கு, ஒன்றை மூன்றுக்கு.
படுத்துக் கிடக்கும் எஞ்சின் இது,
சட்டத்துக்கும் அதற்கும் நடுவே கை நுழையும்,
திரும்பி வரும்போது தோல் வராது.
குன்று ஏறினோம். வெட்டு.
மறுபடி மூன்றேதான்.
காயில் நிரபராதி.

பிளக்குகளைக் கழற்றினோம்.
மற்றவை டீயில் நனைத்த பிஸ்கட் நிறம்,
அது மட்டும் எண்ணெய்க் கருப்பு.
முனைகளுக்கு நடுவே ஒன்று புள்ளி ஒன்று மில்லிமீட்டர்.
அழுத்தம் கூட்டிய வண்டியில்
பொறியால் அவ்வளவு தூரம் தாண்ட முடியாது,
கடற்கரையில் தீக்குச்சி கிழித்த கதைதான்.
புள்ளி ஏழுக்குத் தட்டிக் குறுக்கினேன்.
இரண்டு நாள் வெட்டே இல்லை.
இரண்டு நாள் நானும் அவ்வளவு நல்லவள்,
கொட்டகையில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.
புதன்கிழமை, மழையில், மறுபடி.

காற்றுக் குழாய்க்குள் சுருட்டுப் புகை ஊதினான் ஃபெலெட்டி.
ஒரு கிளாம்ப் ஓரம் நூலாய்ப் புகை எழுந்தது.
இருவரும் கத்திவிட்டோம்.
இறுக்கினோம், ஓட்டினோம், வெட்டு.
கசிவு உண்மைதான். குற்றவாளி அதுவல்ல.

இனி ஒன்றுதான் பாக்கி, அதைத்தான் தள்ளிப்போட்டிருந்தோம்.
பெட்ரோல் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு
ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டரைச் சுழற்றினேன்.
மானியை அவன் படித்தான்.
நூற்றைம்பது.
நூற்று நாற்பத்தெட்டு.
நான்காவது நூற்றைம்பத்தொன்று.
மூன்றாவதைச் சொல்லவில்லை.
தெற்கத்திக் காற்று தகரக் கதவை ஒரு தரம் அறைந்தது.
"சொல்லித் தொலை."
"தொண்ணூறு."
ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி: நூற்று முப்பது.
எண்ணெய் அடைத்த சந்து வழியாகத்தான்
இத்தனை நாள் மூச்சு போயிருக்கிறது.
வால்வு இல்லை. ரிங்.

மூன்று வாரம் கழித்து பிஸ்டன் என் உள்ளங்கையில்.
ரிங் உட்காரும் வரப்பில் ஒரு துண்டைக் காணவில்லை,
வெட்டிப்போட்ட நகத்தளவு.

மர்டோவைத் திட்ட வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தேன்,
அவன் நாயையும் விடுவதாக இல்லை.
ஃபெலெட்டி டர்போ பக்கம் டார்ச் அடித்துக்கொண்டிருந்தான்.
அங்கே ஒரு பித்தளைத் திருகு,
உள்ளே போகப்போக அழுத்தம் ஏறும்.
இதற்குமேல் வேண்டாம் என்று மர்டோ இழுத்த
மஞ்சள் பெயிண்ட் கோடு, பாதி திருகிலும் பாதி உடலிலும்.

"இந்தக் கோட்டில் ஒரு பாதி
ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறது?"

வாங்கிய முதல் இரவு.
இன்வர்கார்கில் போகும் நேர்சாலை, ஆளில்லை.
பானட்டைத் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்,
பிறகு இரண்டு விரலால்.
அதற்கு முன்பே வெட்டு இருந்ததா?
இருந்தது என்றுதான் நினைவு.

டார்ச்சை அணை, கண் கூசுகிறது என்றேன்.