பொட்டு ஒரு தனி லேயர்

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
டயர் கடை மேல்மாடியில் எங்கள் பத்திரிகை.
பதினைந்து நாளுக்கு ஒருமுறை
ஒரு நடிகை என் கணினியில் அழுவாள்.
எந்தக் கண்ணில் என்பது என் தீர்மானம்.
இடது நல்லது.
வலப்பக்கம் விலை போடும் இடம்.

தொடரின் பெயர் ‘ஈரவிறகு.’
அவள் அதில் அமிர்தரேகா.

ஏஜென்ட் முபீத் நானா
மோட்டார் சைக்கிளை அணைக்காமல் கீழிருந்து கத்துவார்:
“தங்கச்சி, காத்தான்குடிக் கட்டுக்குப் பொட்டு வேணாம்,
மறுகா கழுத்தையும் கொஞ்சம் பார்த்துக்க.”
களுவாஞ்சிகுடிக்கு அதே முகம்,
பொட்டு ஒரு சுற்றுப் பெரிது,
தாலிக்கொடி சேலை மடிப்புக்கு மேலே.
போன தையில் தாலி தெரியாத அட்டை
முப்பத்தெட்டுத் திரும்பி வந்தது.

சலூன்களுக்கு மாமியார்.
முடிவெட்டக் காத்திருக்கும் பெடியன்கள்
நல்லவளைப் புரட்டுவதில்லை.
புருவத்தை நான் இன்னும் கொஞ்சம் தூக்கிவிடுவேன்.

மருதமுனைக்குப் பச்சை அடித்துப் பார்த்தோம்.
தறி நெய்கிற ஒரு பெண் கடையில் நின்று சொன்னாளாம்,
“இது சாயம் போன பச்சை.”
அதிலிருந்து மஞ்சள்.

ஆஸ்பத்திரி வாசல் கடைக்குத்தான் பயந்தோம்.
‘கோமாவில் அமிர்தரேகா! கண் விழிப்பாளா?’
இதைக் கொண்டுபோய் அங்கே தொங்கவிடுவதா?
கல்யாணக் காட்சி போட்டு வேறு அட்டை செய்யச் சொன்னார்
ஆசிரியர் புவனேந்திரன் சேர்.
செய்தேன்.
கட்டுப் போடுகிற பெடியன் மாற்றிக் கொடுத்துவிட்டான்.
வெள்ளிக்கிழமை பின்னேரம்
இன்னும் நாற்பது கேட்டு போன் வந்தது.
ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.
நாற்பது அனுப்பினோம்.

பிறகு ஒரு செவ்வாய், கடிதம்.
கோடு போட்ட கொப்பித்தாள்.
ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில்
பக்கத்துப் பக்கத்து சீட்டாம்,
காத்தான்குடி ஜெஸ்னியாவும்
ஆரையம்பதி விதுர்சிகாவும்.
ஒருத்தி ஒரு வரி, மற்றவள் அடுத்த வரி.
நீல மை, கறுப்பு மை, நீல மை.

“சேர், எண்ட புத்தகத்தில அமிர்தரேகாக்குப் பொட்டு இல்ல.
எண்ட புத்தகத்தில இரிக்கி.
மூக்குத்தியும் இடம் மாறிக் கிடக்கு.
அப்ப ரெண்டு பேரா?
கோமாவில கிடக்கிறது தங்கச்சியா?
தாய்க்காரிக்கு இது தெரியுமா?
கெதியாச் சொல்லுங்க, பந்தயம் கட்டியிரிக்கம்.”

மூக்குத்தி என் பிழை.
தலைப்புக்கு இடம் போதாமல்
காத்தான்குடிக் கட்டில் மட்டும்
முகத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிவிட்டேன்.

சேர் படித்தார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடியும் படித்தார்.
ஒப்புக்கொள்ள நான் வாயைத் திறக்கிறேன்,
“இதுதான் அடுத்த அட்டை” என்கிறார்.

‘அமிர்தரேகா இரட்டையரா?’
முதல்முறையாக எல்லாக் கட்டுக்கும் ஒரே அட்டை.
ஒரு பக்கம் பொட்டோடு, ஒரு பக்கம் இல்லாமல்,
நடுவில் ஒரு மின்னல்.
மின்னல் சேரின் ஆசை, எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று முபீத் நானா கத்தவில்லை.
படியேறி வந்து, ஹெல்மெட்டை மேசையில் வைத்து,
வெகுநேரம் பார்த்தார்.
“ரெண்டும் ஒருத்திதானே?”
“ஓம்.”
“சொல்லிராத.”

பொத்துவில் வரைக்கும் போன கட்டில்
ஒரு பிரதியும் திரும்பவில்லை.

தொடரை எடுக்கிறவர்களுக்கு
நாங்கள் இருப்பதே தெரியாது.
தங்கச்சி ஒருத்தி வரவில்லை.
ஒரு திங்கட்கிழமை, விளம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால்,
அமிர்தரேகா ஒருத்தியாகவே கண்விழித்தாள்.
பந்தயம் என்ன, யார் வென்றது?
எழுதி வரவில்லை.
நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை.

என் கோப்பில் இன்றைக்கும் பொட்டு ஒரு தனி லேயர்.
பக்கத்தில் சின்னதாய் ஒரு கண் அடையாளம்,
அமுக்கினால் வரும், அமுக்கினால் போகும்.
கரண்ட் நின்று வந்த ஒரு மத்தியானம்
திறந்து பார்க்கிறேன்,
நெற்றியிலிருந்து நழுவிப் போய்
விலைக்குப் பக்கத்தில் கிடக்கிறது,
நூற்றிருபது ரூபாய்க்கு
யாரோ வைத்த முற்றுப்புள்ளி மாதிரி.