ஐந்தாவது சீட்டின் பெயர் ஆறு

ஐப்பசி மழைக்கு வண்டிகள் ஊர் திரும்பியிருந்தன.
திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டு ஷெட்டுக்குள்
ஏழு ரிக்கும் கோபுரத்தை மடக்கிப் படுத்திருக்க
டீசல் கணக்கை மூடிவிட்டு
டிரம்மின் மேல் கவிழ்த்த தகரத்துக்கு முன்னால்
நாலாவது ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

காசு ஆகாது என்பது முதலாளி உத்தரவு.
தேய்ந்த பிட்டிலிருந்து தட்டி எடுத்த பொத்தான்கள்தான் பந்தயம்,
ஆளுக்கு நாற்பது.
பார்த்தால் சுண்டைக்காய். தூக்கினால் ஈயக்குண்டு.
எந்த ஊர்ப் பாறையைத் தின்றதோ ஒவ்வொன்றும்.

"சீட்டைப் பாக்காம வெக்கிறது பிளைண்டு, அக்கா" என்றான் மங்ரா.
ஜார்க்கண்டுக்காரன், ராடு மாட்டுகிறவன்,
ஆட்டம் அவன் கொண்டுவந்தது.
இதை எனக்கு விளக்க வேண்டியதில்லை.
உள்ளங்கையில் தேங்காய் நிமிர்ந்த இடத்தைக் காட்டி
அடிக்கு இவ்வளவு என்று எண்ணி வைத்தவர்கள்
எத்தனை பேருக்கு ரசீது கிழித்திருக்கிறேன்.

மூன்று சீட்டு சேர்ந்து விழுந்தால் ஃப்ளாப்.
அடுத்தது டர்ன்.
கடைசியாக ஒன்று, ரிவர்.
"ரிவர்னா ஆறுங்களே" என்றார் டிரைவர் மாதையன்,
"அஞ்சாவது சீட்டுக்கு ஆறுன்னு பேரு வெச்சவன்
எந்தப் பள்ளிக்கூடத்துலீங் படிச்சான்?"
சென்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை.
இருபது வருசமாக ஆறில்லாத ஊர்களிலேயே
துளை போட்டுக்கொண்டிருப்பவர்.

என் கையில் ஏஸ், ஒன்பது.
தகரத்தில் ஏஸ், ஏழு, நாலு, ரெண்டு, ஜாக்கி.
சோடி ஏஸ்! பன்னிரண்டு பொத்தானைத் தள்ளினேன்.
சென்னியப்பனும் திருப்பினார்: அவருக்கும் ஏஸ்.
"சோடிக்குச் சோடி சரியாப் போச்சு.
இனி கிக்கரைப் பாக்கோணும்" என்றான் மங்ரா.

கிக்கரா?
எனக்குத் தெரிந்த கிக்கர்
வண்டியின் விலாவில் மடங்கிக் கிடப்பது.
"ஏஸுகூட வந்த இன்னொரு சீட்டு, அக்கா."
எனக்கு ஒன்பது.
அவருக்கு ராஜா.

வையப்பமலைப் பக்கம் அண்ணன் தம்பி காடு,
நடுவில் ஒரு வேலி.
இரண்டிலும் எண்ணூறு அடி, அதே கருங்கல்,
இரண்டு பில்லிலும் ஒரே தொகை, நான்தான் போட்டேன்.
அண்ணன் காட்டில் அறுநூற்று நாற்பதில்
பக்கவாட்டில் ஒரு வெடிப்பு ஓடியது.
தம்பி காட்டில் கடைசிவரை வெள்ளைப் புழுதி.
அவர் பில்லை வாங்கி
மடித்து, மடித்து, தீப்பெட்டி அளவுக்கு ஆக்கினார்.

மழை தகரக்கூரையை விடாமல் அடித்தது.
மறுபடி ஏஸ், மறுபடி அதே ஒன்பது.
மாதையன் ஒன்றையும் சென்னியப்பன் இரண்டையும்
பிளைண்டில் விட்டுவிட்டு மடக்கிக்கொள்ள
மிச்சமிருந்த பத்தொன்பதையும் நடுவில் வைத்தேன்.
ஆல்-இன் என்று வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது.
மங்ரா சரிக்குச் சரி வைத்தான்.
ஏஸ், ராஜா, ராணி. அஞ்சு. ஆற்றில் ஜாக்கி.

அவனுக்கும் ஏஸ்.
கூட வந்ததோ வெறும் மூணு.
பொத்தான்களை வளைக்கக் கை நீட்டிவிட்டேன்.

"அஞ்சு சீட்டுத்தான் கணக்கு, அக்கா.
ஏஸ், ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி. ரொம்பிப் போச்சு.
உங்க ஒம்பதும் என் மூணும் வெளியதான் நிக்கோணும்."

அப்படியும் உண்டா?
உண்டாம். கிக்கர் விளையாடாது என்பார்களாம்.
நாற்பத்தொன்றை இருபது இருபதாகப் பிரித்தபின்
ஒற்றைப் பொத்தான் தகரத்தில் மிஞ்சியது.
சீட்டுப் போட்டவனுக்கு இடப்பக்கம் இருப்பவருக்குத்தான் அது
என்று என்னிடம் உருட்டிவிட்டான்.
ஒன்பதுக்காக இல்லை.
உட்கார்ந்த இடத்துக்காக.

பத்தரைக்குக் கிளம்பினேன்.
வீட்டுக்காரர் விட்டுப்போன பைக்,
செல்ஃப் முனகி அடங்கியது.
கிக்கரை மிதித்தேன்.
பிடிப்பில்லாமல் சும்மா சுற்றியது,
இன்னொரு தரம், இன்னொரு தரம்,
சேலை முழங்கால்வரை நனைய.

யாரோ பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தார்கள்.
மூச்சிரைப்பை வைத்து ஆள் தெரியவில்லை.
திரும்பிப் பார்க்காமல்
இரண்டாவது கியரில் போட்டு
கிளட்சை விட்டேன்.