செயப்பாட்டு வினை

வெலிமடையில், விதைக்கடைக்கு மேல்மாடியில்
உரிமத் துவக்குக்காரர் சங்கத்துக்கு
வாரம் இரண்டு நாள் தமிழ்ப் பிரதி தட்டுகிறேன்.
தலைவர் சிங்களத்தில் சொல்வார், நான் தமிழாக்குவேன்.
சம்பளம் பிந்தும்.

போன வருடம் உரிமக் கட்டணம் கூடியபோது
மூன்று நாளில் பதினொரு கடிதம்.
பதுளைக் கச்சேரி வாசலில் பதாகை:
எங்கள் பயிரை யார் காப்பது?
கேள்விக்குறியைச் சிவப்பில் பெரிதாக்கச் சொன்னார்
தலைவர் விஜேகோன்.
விவசாயிக்குத் துவக்கும் மண்வெட்டியும் ஒன்றுதான்,
பிடுங்க வருகிறவன் யாரானாலும் நாங்கள் முன்னால் நிற்போம்
என்று அவர் முழங்கியதை நான்தான் மொழிபெயர்த்தேன்.
பின்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினான்
தனுஷ்கோடி.

உறுப்பினர் இலக்கம் இருநூற்றுப் பதினான்கு.
குத்தகைக்கு அரை ஏக்கர் உருளைக்கிழங்கு,
பழைய ஒற்றைக்குழல் ஒன்று.
சந்தா ஒருநாளும் பிந்தியதில்லை.

ஜனவரி நான்காம் இரவு
பன்றிக்குக் காவலிருந்து திரும்புகையில்
சந்தியில் ஜீப்.
கையைத் தூக்கு என்றார்கள்.
தூக்கினான்.
கையில் துவக்கு இருந்தது.

சட்டைப் பையில் பற்றுச்சீட்டு:
உரிமப் புத்தகம் புதுப்பித்தலுக்காகப் பெற்றுக்கொள்ளப்பட்டது,
டிசம்பர் இருபத்தெட்டு.
முத்திரையில் இரத்தம். கையொப்பத்தில் இல்லை.
மரியாயி அதைப் பொலித்தீன் உறையில் போட்டு
என் மேசையில் வைத்தாள்.
"இத வச்சி எழுதுங்க புள்ள."

ஞாயிறு நாலு மணிக்குக் கூட்டம்.
பிளேன்டீ, மாலுபாண்.
புத்தகம் கச்சேரியில் கிடந்தால்
அந்த இரவு அவன் உரிமக்காரனா இல்லையா
என்று ஒருவர் சட்டம் பேசினார்.
குழலை முறித்துத் தோளில் போட்டு
நடந்திருக்கலாமே என்றார் இன்னொருவர்.
மூலையில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார்:
பொலிஸ் அறிக்கை இல்லாமல்
நம்மில் எவனுக்கும் அடுத்த வருடம் புத்தகம் வராது.
அதற்குப் பிறகு யாரும் மாலுபாணைத் தொடவில்லை.

நான் தட்டியிருந்தது இது:
பொலிஸார் எங்கள் உறுப்பினர் தனுஷ்கோடியைச் சுட்டுக் கொன்றனர்.
தலைவர் பேனாவைத் திறந்தார்.
பொலிஸார் போனார்கள்.
தனுஷ்கோடி சுட்டுக் கொல்லப்பட்டார் என்று ஆயிற்று.
சுட்டவன் இல்லாமலே
வாக்கியம் முழுசாக நிற்கிறது, பாருங்கள்.
பள்ளியில் இதற்கு நான் பத்துக்குப் பத்து வாங்கினேன்.

ஆனாலும் செயப்பாட்டு வினையில்
'படு' என்றொரு சொல் மிஞ்சும்.
பட்டவன் ஒருவன் அங்கே கிடப்பான்.
அதையும் அடித்தார்.
பெயரையும்.
சம்பவமொன்றில் உறுப்பினர் ஒருவர்
உயிரிழந்ததாக அறியக் கிடைக்கிறது,
விசாரணை முடியும்வரை கருத்துக் கூறுவது உசிதமல்ல.
கீழே தலைவர், செயலாளர், பொருளாளர்.

மரியாயி வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது.
"பேரு எங்க இருக்கு, காட்டுங்க" என்றாள்.
நான் சங்கத்தின் பெயரைக் காட்டினேன்.

மாசியில் பக்கத்து நிலத்து ரணவீர மாடியேறி வந்தார்.
ஆளில்லாத அரை ஏக்கரில் பன்றி கூட்டமாய்த் தங்கி
இரவில் வேலி தாண்டி
அவர் கிழங்கையும் கிளறுகிறதாம்.
மூன்று நாளில் ஆறு கடிதம்.
மேற்படி காணியில் உரிமத் துவக்குக்காரர்
எவரும் தற்போது இல்லாத காரணத்தால்
என்று தொடங்கினேன்.

தலைவர் இரண்டு தரம் வாசித்தார்.
ஒரு சொல்லையும் அடிக்கவில்லை.