இருநூற்றைம்பது சொற்களுக்குள்

வணிக நிர்வாக முதுமாணிக் கற்கைநெறியை
நீர் ஏன் தெரிவு செய்கிறீர்?
இருநூற்றைம்பது சொற்களுக்குள் எழுதுக.

கல்லடிப் பாலத்தில் பஸ் ஊர்கிறது.
பக்கத்துப் பழைய பாலத்தில் நாலைந்து பேர்
தூண்டிலைப் போட்டுவிட்டு போன் பார்க்கிறார்கள்.
முழங்காலில் படிவம்.
பேனை கம்பெனி தந்தது.
"உங்கள் கனவுக்கு எங்கள் கை" என்று
வயிற்றில் அச்சடித்த பேனை.

"தலைமைத்துவப் பண்பை" என்று தொடங்கினேன்.
சாரதி பிரேக் அடித்தார்.
பண்பு ஒரு கோடாகித்
தாளின் விளிம்பில் போய் நின்றது.

சரி, அதை விடுவம்.

லீசிங் கம்பெனி, அறவீட்டுப் பிரிவு, எட்டு வருசம்.
வாழைச்சேனை தொட்டுக் களுவாஞ்சிகுடி மட்டும்
என் ஸ்கூட்டி நுழையாத ஒழுங்கை இல்லை.
நாய்கள் குரைப்பதை விட்டுவிட்டன.
ஆட்களுக்கு என் ஹோர்ன் தெரியும்,
கேட்டால் உள்ளே டிவி சத்தம் நிற்கும்.
இன்றைக்கு பஸ்ஸில் வருவதும் அதனால்தான்.
கல்லடியில் மூன்று வீடு நிலுவை,
படிக்கப் போகிற முகத்தோடு
அந்த வழியால் போக ஏலாது.

கிரானில் நிரோஜினி.
உயர்தரத்தில் ஒரே வாங்கு, வர்த்தகப் பிரிவு.
அவளுடைய ஐந்தொகை எப்போதும் சமப்படும்.
எனது நாற்பது ரூபாயில் இடறும்,
அவள் எட்டிப்பார்த்து, விரல் வைத்துக் காட்டுவாள்.

அவள் புருசனின் ஆட்டோவை எடுக்கப் போனவள் நான்.
அழவில்லை, ஏசவில்லை.
நோட்டீசை வாங்கி மகளின் பென்சிலால்
வரி வரியாகக் கூட்டினாள்.
"மறுகா இஞ்ச பாரு புள்ள,
மாசித் தண்டவட்டி ரெண்டு தரம் விழுந்திரிக்கி."
விரல் வைத்துக் காட்டினாள்.
மூவாயிரத்து எண்ணூற்று அறுபது.

"சிஸ்டம் பிழை விடாது தங்கச்சி" என்றார் முகாமையாளர்.
கையெழுத்து கொழும்பில் விழுகிறது என்றார்.
டிப்ளோமாக்காரி சொல்லிக்
கொழும்பு கேட்குமா என்று மட்டும் அவர் சொல்லவில்லை,
சிரித்தார்.
ஆட்டோ யார்டில் ஏலம் போனது.

இதையும் எழுதவேண்டும்:
அந்த மாதம் எனக்கு ஊக்கத்தொகை கிடைத்தது.
அதில் வாங்கிய செருப்புத்தான்
இப்போது காலில்.

படிவம் கொடுக்கும் வரிசையில்
ஏறாவூர் றிஸ்மின் ஒளிக்காமல் சொன்னான்,
பெண் வீட்டார் பட்டம் ஒன்று போதாதாம்.
அவனுக்குப் பின்னால் செங்கலடிப் புவிராணி அக்கா,
அறுபது எருமை, மூன்று லொறி, தயிர் வியாபாரம்.
"என்ட கணக்காளன் என்னை ஏய்க்கிறான் எண்டு தெரியும்,
எந்த வரியில எண்டுதான் தெரியாது."
என்னைக் கேட்டார்கள்.
பதவி உயர்வுக்கு, என்றேன்.
பொய்யும் இல்லை.
ஏசி அறை, நிழலில் ஒரு மேசை,
மழையில் நனையாத கோப்பு,
இவைக்கும் ஆசைதான்.

கடைசியில் படிவத்தில் எழுதியது பத்துச் சொல்:
"3,860 ரூபாய் பிழை என்று நான் சொன்னால்
கேட்க வேண்டிய கதிரையில் இருக்க."
மிச்சம் இருநூற்று நாற்பது சொல்லுக்கும்
கோடுகள் வெறுமையாகக் கிடந்தன.

நேர்முகம். மூன்றாம் மாடி.
மின்விசிறிக்குக் கீழே மூன்று பேர்.
தண்ணீர்ப் போத்தலின் மூடியைத்
திருகித் திருகி ஒருவர் கேட்டார்:
"இந்த மூவாயிரத்து எண்ணூற்று அறுபது என்ன?"

"ஒரு பிழை, சேர்."

"எழுத்துப் பிழையா?"

"இல்லை, சேர்."

அவர் மற்ற இருவரையும் பார்த்தார்.
மற்ற இருவரும் படிவத்தைப் பார்த்தார்கள்.
யன்னலுக்கு வெளியே யாரோ ஆட்டோவைப் பின்னுக்கு எடுக்கிற சத்தம்.

"சரி, அது இருக்கட்டும்.
கற்கைக் கட்டணத்தை எப்படிக் கட்டுவீர்?"

தவணைக்கு, என்றேன்.