பிடி

பிடியில் இருந்தவரை வட்டம்.
விட்டதும் முட்டை.
நாற்பது பீஸில் முப்பத்தொன்று
சிவப்பு டேக் கட்டிக்கொண்டு
சிப்காட்டிலிருந்து திரும்பி வந்தன.

மெஷினைத் திட்டினேன். டூலைத் திட்டினேன்.
கவுஸ் மட்டும் வைஸின் கைப்பிடியைப் பார்த்தார்:
யாரோ பைப் மாட்டி இறுக்கிய தழும்பு.
யாரோ என்றால்,
நான்தான்.

பாகலூர் ரோட்டுக் கடையில்
ஆறு இஞ்ச், எட்டு இஞ்ச், ஹைட்ராலிக் என்று
எண்ணெய்த்தாளைப் பிரித்துப் பிரித்துக் காட்டினான்.
"நாலு டன் பிடிக்கும் மேடம்."
என் பீஸின் சுவர் மூணு மில்லி.
அலுமினியம்.
அதட்டினாலே வளையும்.

விலை கேட்டேன். லோன் தவணை இரண்டு.
வாங்கியது
அலுமினியக் கட்டை ஒரு ஜோடி, டார்க் ரெஞ்ச் ஒன்று.
பில்லை மடிக்கும்போது அவன் முகம் சுருங்கியது.

ராத்திரி
பழைய வைஸிலேயே கட்டைகளைத் திருகி
பீஸின் வளைவை அவற்றில் குடைந்தோம்.
ரெண்டு இடத்தில் குத்திய பிடி
இனிச் சுற்றிலும் பரவட்டும்.
ரெஞ்ச் 'டக்' என்றது.
கை இன்னும் கொஞ்சம் என்றது.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கடைந்து முடிந்து தளர்த்தும்போது
டயல் முள்ளையே பார்த்திருந்தேன்.
ஒரு பாயிண்ட் நகர்ந்தது.
நின்றது.

"ஓசூர்க் குளிருக்கு இதுவும் சுருங்கியிருக்கும்,
வெயில் வந்ததும் இன்னொருக்கா அளக்கணும்"
என்ற கவுஸ்
பைப்பை எடுத்துப்போய்
பாதியில் இறங்கிவிடும் எங்கள் ஷட்டருக்கு
முட்டுக் கொடுத்தார்.