நீதான் விழுந்தே

தாழையூத்து சிமென்ட் ஆலைக் குடியிருப்பில்
வாதாம் இலை பச்சை என்பதை
மழை பெய்த மறுநாள் மட்டும் பார்த்திருக்கிறோம்.
மற்ற நாளெல்லாம் சாம்பல் நிறம்.
அதன்மேல் விரலால்
'ஆவுடை' என்று பெரிதாக எழுதுவாய்.
ஆறுமுகவடிவுக்கு எந்த இலையும் பத்தாது.

இரண்டு மணிச் சங்கு ஊதிவிட்டால்
அப்பா ஷிப்டுக்குள் போய்விட்டார்.
குவாரிப் பள்ளத்தில்
சொட்டுநீலம் கரைத்ததுபோல் கிடக்கும் தண்ணீர்.
அங்கேதான் ஒருவர் விழுந்தோம்,
ஒருவர் பிடித்து இழுத்தோம்.

இழுத்தது நான்.
இழுத்தது நீ என்பாய்.
நாற்பத்து மூன்று வருஷம் இதே பேச்சு.
என் கல்யாணப் பந்தியில், இலைக்கு உப்பு வைத்துக்கொண்டே.
வண்ணாரப்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கையில்.
அம்மா போன அன்று ராத்திரி,
எல்லோரும் தூங்கிய பிறகு, கிசுகிசுப்பாக:
"ஏட்டி, நீதான் விழுந்தே."
"போலே."
பதினோரு மாசம் இளையவன்,
அக்கா என்று ஒரு நாள் கூப்பிட்டதில்லை.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய்.
இரண்டு மூச்சுக்கு நடுவில் இடம் பார்த்துச் சொன்னாய்,
"நீதான் விழுந்தே."
நான்
"சரிடே, நான்தான்" என்றேன்.

உன் முகம் சுண்டிப் போயிற்று.
ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடந்தாய்.
பிறகு கேட்டாய்,
"டாக்டர் உன்ட்ட சொல்லிட்டாரா?"

ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.
வேண்டாத அளவுக்கு
நார் நாராக எடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.
ஒரு கை தெரிகிறது, ஈரமாக.
அதைப் பிடித்த இன்னொரு கையும் ஈரம்தான்.
இரண்டும் ஒரே அளவு.
நகத்தில் சுண்ணாம்பு.
எது என்னுடையது என்று
கேட்க ஆளில்லை. அந்தக் குடியிருப்பையும் இடித்துவிட்டார்கள்,
அது போகட்டும், அதற்கு நான் அழவில்லை.

குறுக்குத்துறையில் தண்ணீர் குறைவு.
உன் மகன் கலயத்தைச் சரிக்கிறான்.
காற்றில் திரும்பி வந்த கொஞ்சம்
என் வாட்ச் கண்ணாடியில் படிகிறது.
ஒரு எழுத்துக்குக் காணும்.
எழுதவில்லை. துடைக்கவுமில்லை.

"அத்தை, பாசியா இருக்கு, கையைக் குடுங்க"
என்கிறான்.
உன்னைப்போலவே நீட்டுகிறான்,
முழங்கையை மடக்காமல்.

கொடுக்காமலே
நாலு படி ஏறிவிட்டேன்.
போலே,
நான் விழவில்லை.