நீர்வரத்து, வெளியேற்றம்

அரசு கொடுத்த மடிக்கணினி.
மூடியில் படம் சுரண்டிய தழும்பு.
நினைவகம் இரண்டு ஜி.பி.
விண்டோஸ் ஏற்றினால்
நோவுகண்ட மாடு மாதிரி படுத்துவிடும்.
மெலிந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டேன்,
எழுந்து நின்றது.

மஞ்சக்குப்பத்தில் என் கடை.
ஜெராக்ஸ், சிட்டா, பான் கார்டு.
ஐப்பசிக் கடைசியில்
பயிர்க் காப்பீட்டுக் கெடு நெருங்கினால்
வாசல் வரைக்கும் ஈரச் செருப்பு.
ஒவ்வொரு அடங்கலுக்கும் அதே கேள்வி:
"போயிடுச்சாம்மா?"
"போகுது."
"போவுதா, நிக்குதா?"
நியாயம்தான்.
திரையில் சுற்றுகிற வட்டம்
போனாலும் சுற்றும், நின்றாலும் சுற்றும்.

ஒரு ராத்திரி உட்கார்ந்து
பேனலில், கடிகாரத்துக்குப் பக்கத்தில்
இரண்டு எண்களைக் கொண்டுவந்தேன்.
கீழ் அம்பு, மேல் அம்பு.
மொத்தம் பதினாறு வரி நிரல்.

எழுதும்போதுதான் தெரிந்தது,
வேகம் என்று ஒன்றை
இயந்திரம் எங்கேயும் குறித்து வைப்பதில்லை.
இதுவரை வந்தது இவ்வளவு,
இதுவரை போனது இவ்வளவு,
பால்கணக்கு மாதிரி கூட்டல் மட்டும்.
ஒருமுறை பார்க்கணும்.
ஒரு விநாடி சும்மா இருக்கணும்.
மறுபடி பார்த்துக் கழிக்கணும்.

திரையை வாசல் பக்கம் திருப்பினேன்.
நாணமேட்டு இருசப்பன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.
"கீழ இருக்கிறது நீர்வரத்து,
மேல இருக்கிறது வெளியேற்றம். அதானே?"
அதேதான்.
விநாடிக்கு என்றால் என்னவென்று
இவர்களுக்கு யார் சொல்ல வேண்டும்?
சாத்தனூரில் மதகு தூக்கினால்
எத்தனை கன அடிக்கு எந்தத் தெருவில் தண்ணீர் என்று
விரலில் வைத்திருப்பவர்கள்.

அப்புறம் என்னை யாரும் கேட்கவில்லை.
"அறுபது கே.பி."
"முப்பதுக்கு இறங்கிடுச்சு, சத்தம் போடாத."

கெடு நாள். மூன்று மணிக்கு மழை.
கம்பத்தோடு கேபிள் போனது.
செல்போனை வயரில் மாட்டி
அதன் நெட்டை இழுத்தேன்.
மேல் அம்பு பூஜ்யம்.
கீழ் அம்பு பூஜ்யம்.
பெஞ்சில் பதினொரு பேர், ஒரு பேச்சில்லை.
குணவதி தன் அடங்கலை மடித்துப்
பாலித்தீன் பையில் போட்டு முடிச்சிட்டாள்.

ஆனால் பக்கம் திறக்கிறது.
இருசப்பன் பூஜ்யத்தைப் பார்த்தார்,
பக்கத்தைப் பார்த்தார்.
"தண்ணி வேற வாய்க்கால்ல ஓடுது.
நீ பழைய மதகுல நின்னுக்கிட்டு
வரலைங்குற."

மூன்றாவது வரி.
வைஃபையின் பெயரை மட்டும் எழுதியிருந்தேன்.
அழித்துவிட்டு வயரின் பெயரைப் போட்டேன்.
மேல் அம்பு ஒன்பது.
பதினான்கு.
"ஏறுது" என்றது பெஞ்சு.
குணவதி பல்லால் முடிச்சை அவிழ்த்தாள்.

நள்ளிரவுக்கு ஏழு நிமிடம் இருக்கையில்
கடைசி ரசீது.
ஒருவருடையது மட்டும் போகவில்லை.
வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்து வேறு.
அதற்கு அம்பு எதுவும் இல்லை.

ஷட்டரை இழுக்கப் போகும்போது பார்த்தேன்,
எல்லாம் மூடியாகிவிட்டது,
மேல் அம்பில் மட்டும்
விநாடிக்கு நூற்றுச் சொச்சம் பைட்
கசிந்துகொண்டிருந்தது.
எங்கே போகிறதென்று தேடலாம்.
தேடவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இருசப்பன்
மழைக்குள்ளிருந்து கேட்டார்:
"சாத்தனூர் எத்தனை அடியாம்?"
பார்த்துச் சொன்னேன்.
விரலை மடக்கி நேற்றையதைக் கழித்தார்.
பெடலில் கால் வைத்தவர்
மிதிக்கவில்லை.